பூஜைக்குக் கழற்றிய ஐந்து டிஸ்க்குகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டது ஏராளம். ஆனால் என் வாயால் இன்னொருத்தருடைய பதினோரு வருச உழைப்பும் வேலையும் சேர்ந்து போகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலாவது தான் மட்டும் கெட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. நூறடி ரோட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். கீழே பேக்கரி, மேலே நாங்கள். மில்லுக்கும் பவுண்டரிக்கும் போய் கேபிள் இழுப்பது, சர்வர் போடுவது, கெட்டதைச் சரிபண்ணுவது. மொபெட்டில் டூல்ஸ் பையோடு போய் இறங்கினால் வாட்ச்மேன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க அம்மணி, இஞ்சினியர் பொறகால வாராருங்களா?" என்பார். "இஞ்சினியர் வந்தாச்சுங்க. கேட்டைத் தொறங்க" என்பேன்.

கணபதியைத் தாண்டி ஒரு பம்ப்செட் கம்பெனி எங்களுக்கு நல்ல வாடிக்கை. முதலாளி லேத்தில் நின்று மேலே வந்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் ரெண்டும். அவருடைய டிராயிங் செக்‌ஷனுக்கு ஒரு சர்வர் வேண்டும் என்றார். டிஸ்க் ஒன்று கெட்டாலும் படங்கள் போகக் கூடாது என்றார். அதற்கு ஐந்து டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டுவது ஒரு முறை. எழுதுவதை ஐந்திலும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, கூடவே ஒரு சரிபார்ப்புத் துண்டையும் போட்டு வைக்கும். ஏதாவது ஒரு டிஸ்க் செத்தால் மற்ற நாலும் கணக்குப் போட்டுச் செத்ததில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். இதற்குப் பேர் ரெய்டு.

இந்தக் கணக்கை யார் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. அதற்கென்றே தனிக் கார்டு விற்கிறார்கள். அதே வேலையை லினக்ஸ் என்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமே செய்யும், கார்டு தேவையில்லை. ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டுப் பழகியவள் நான். எனக்கு அதில் அப்போது ஒரு வெறியே இருந்தது.

"கார்டு வேண்டாம் சார். லினக்ஸ் பாத்துக்கும்."

"அதெப்படீங்க அம்மணி? சாப்ட்வேருங்கறது காத்துல கட்டின ஊடு. கார்டுன்னா கையில புடிச்சுப் பாக்கலாமுங்க. நாம இரும்பை நம்பிப் பொழைக்கறவங்க."

"அந்தக் கார்டுக்குள்ளயும் சாப்ட்வேர்தான் சார் இருக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் கேட்கவில்லை. சென்னையிலிருந்து கார்டு வந்தது. இரும்புப் பெட்டியும் கைப்பிடி வைத்த ஐந்து டிஸ்க்கும் கூடவே வந்தன. சர்வர் என்னவோ லினக்ஸ்தான். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சென்னைக்காரர், ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைப் பிடித்து ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டினார். சர்வரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சினிமாத் துண்டு நிற்கவே இல்லை. முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

டிராயிங் செக்‌ஷனில் ஒரு அண்ணன் இருந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஊர், நாற்பத்தைந்து வயசு இருக்கும். பலகையும் டி-ஸ்கொயரும் வைத்து வரைந்து பழகியவர், தானாகவே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். அந்தக் கம்பெனியில் ஓடிய ஒவ்வொரு பம்ப்பும், அதற்குள் சுழலும் இறகுச் சக்கரமான ஒவ்வொரு இம்பெல்லரும் அவர் கையால் வந்த படம்தான். பதினோரு வருசத்துப் படங்களையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடித்திருந்தார். "எல்லாம் பொட்டிக்குள்ள வந்தாச்சில்லீங்க" என்று முதலாளி பழைய காகிதங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார். அதையும் நான் தடுத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா பொட்டு வைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. ரெண்டு நாள் முன்னாலேயே உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். மிஷினைக் கழற்ற முடிந்த வரைக்கும் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, எண்ணெய் பூசித் திரும்ப மாட்டுவார்கள். எந்த மிஷின் அழுக்காக நிற்கிறதோ அந்த ஆளுக்கு அது மானக்கேடு.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அந்த அண்ணன் ஆபீசுக்குப் போன் பண்ணினார். நான் பீளமேட்டில் ஒரு மில்லில் நாலு மணி நேரம் மேஜைக்கடியில் கிடந்துவிட்டு, சாப்பிடாமல் வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, எல்லா மிசினையும் கழட்டித் தொடைக்கறோமுங்க. நம்ம சர்வரை என்னுங்க பண்றது? அந்த டிஸ்க்கெல்லாம் கழட்டலாமுங்களா?"

எனக்குக் கார்டு ஞாபகம் வந்தது. சென்னைக்காரர் உருவிக் காட்டியதும், முதலாளியின் புருவமும்.

"கைப்பிடி எதுக்குங்கண்ணா வெச்சிருக்காங்க? ஓடறப்பவே உருவலாம்னு பீத்தித்தானே அந்தக் கார்டை வாங்கினீங்க! நல்லாக் கழட்டித் தொடைங்க. சந்தனம் வெச்சு மாலையும் போடுங்க."

நக்கல்தான் பண்ணினேன். ஆனால் அவர் நக்கல் பண்ணாத மனிதர், நக்கலைப் புரிந்துகொள்ளவும் மாட்டார். "சரீங்க அம்மணி" என்று போனை வைத்தார். நானும் கீழே போய் ரெண்டு பன் தின்றுவிட்டு மறந்துபோனேன்.

விஜயதசமி, செவ்வாய்க்கிழமை. காலையில் போன் வந்தது. பேசியது முதலாளி. "சீக்கிரம் வாங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பட்டறை பளபளவென்று இருந்தது. பொரியும் கடலையும் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. சர்வர் ரூமில் ஐந்து டிஸ்க்கும் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தன. சர்வருக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் பீப் பீப்பென்று நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. திரையில் கார்டு கேட்டது: நான் எழுதி வைத்தபடி டிஸ்க்குகள் இல்லை, பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவா? ஆமென்றால் ஒய் (Y) எழுத்தை அமுக்கு.

நடந்தது இதுதான். அண்ணன் ஐந்தையும் உருவி, துடைத்து, தட்டில் வரிசையாக வைத்துப் பூஜை போட்டு, திரும்பச் சொருகும்போது எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் சொருகிவிட்டார். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மூணு தாடையும் ஒன்றுபோல இருந்தாலும் நம்பர் பார்த்து மாட்டுகிறவர்தான் அவர். டிஸ்க்கில் நம்பர் ஏது? அந்தக் கார்டோ டிஸ்க்கின் முகத்தைப் பார்ப்பதில்லை; எந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். அட கெரகமே என்று தலையில் கை வைத்தேன்.

"யாரைக் கேட்டுக் கழட்டுனே?" முதலாளி அவரைப் பார்த்துக் கத்தினார். அத்தனை வருசத்தில் அவர் அந்த மனிதரை 'நீ' என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

அண்ணன் தரையைப் பார்த்தார். "நானாத்தானுங்க பண்ணிப்போட்டேன்."

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"இல்ல சார். நான்தான் கழட்டச் சொன்னேன். நக்கலாச் சொன்னேன், அவர் நெசம்னு நெனச்சுட்டார்."

முதலாளி என்னைத் தெலுங்கில் திட்டினார். புரிந்த வரைக்கும் நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் அவரிடம் திரும்பினார். "அந்தம்மா கெணத்துல குதிக்கச் சொன்னா குதிப்பியா? இந்த ரூமுக்குள்ள இனி உன் காலு படக் கூடாது. திங்கக்கெழமைக்குள்ள படமெல்லாம் வந்துச்சுன்னா வந்துச்சு. இல்லைன்னா செவ்வாக்கெழமை நீ வர வேண்டியதில்லை."

சென்னைக்குப் போன் போட்டார்கள். ஒய்யை அமுக்கிப் புதிதாக ஆரம்பித்து, தினமும் டேப்பில் எடுத்து வைக்கிற நகலைத் திரும்ப ஏற்றுங்கள் என்றார் கார்டு விற்ற அந்தச் சென்னைக்காரர். டேப்பைப் போட்டுப் பார்த்தோம். எட்டு மாசமாக ஒரே டேப்பைத் தேய்த்துத் தேய்த்து எழுதியிருந்தார்கள். கால்வாசிக்கு மேல் படிக்கவில்லை. டேப்பைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது நான். ஆக அதுவும் என் தப்பு. திங்கட்கிழமை தானே நேரில் வந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார் சென்னைக்காரர். புதிதாகப் போடுவதென்றால் ஐந்து டிஸ்க்கையும் துடைத்து எடுப்பது. பனியன் வேஸ்ட்டால் இல்லை, நிஜமாகவே.

நான் சர்வரின் கீபோர்டைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்னுங்க பண்றீங்க?" என்றார் முதலாளி.

"திங்கக்கெழமை வரைக்கும் இங்க யாரும் ஒய் அமுக்கக் கூடாது சார். கீபோர்டு எங்கிட்ட இருக்கட்டும்."

படங்கள் எங்கேயும் போகவில்லை. ஐந்து டிஸ்க்கிலும் துண்டு துண்டாக அப்படியே இருந்தன. அவற்றின் வரிசை மட்டும்தான் தொலைந்திருந்தது. கார்டிடம் மறுபடி கொடுத்தால் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது எழுதிக் கெடுத்துவிடும். அதனால் கார்டைத் தொடாமல், டிஸ்க்குகளை என்னுடைய லினக்ஸ் மிஷினில் நேராக இணைத்து, எழுதாமல் படிக்க மட்டும் செய்து, துண்டுகளைச் சரியான வரிசையில் ஒட்டிப் பெரிய டிஸ்க் ஒன்றில் இறக்க வேண்டும். கார்டு செய்கிற கணக்கை நானே ஒரு புரோகிராமாக எழுத வேண்டும். அது ஒன்றும் பெரிசில்லை. பெரிசு என்னவென்றால், ஐந்தை நூற்றிருபது விதமாக அடுக்கலாம். ஒரு விதத்தை ஒட்டிப் பார்க்க நாலு மணி நேரம். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் முயற்சி பண்ணி முடித்தால் பொங்கலே போயிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் என் மிஷினையும் ஐந்து டிஸ்க்கையும் டிராயிங் செக்‌ஷனுக்கே தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் சர்வர் ரூமுக்குள் போகக் கூடாது என்றுதானே உத்தரவு? டிஸ்க் வெளியே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து வடிவில் ஒரு நகல் உண்டு, வெளி பவுண்டரிகளுக்குக் கொடுப்பதற்காக. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வளைவின் ஆரம் எவ்வளவு என்று வெறும் எண்களாக இருக்கும். ஐந்து டிஸ்க்கிலும் ஒரே இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தாளில் அடித்தேன். எண் எண்ணாகப் பக்கம் பக்கமாக வந்தது. எனக்கு அது கருவாட்டுக் கூடையில் மீன் முள் பொறுக்குவது மாதிரிதான்.

"அண்ணா, இதைச் சித்தெப் பாருங்க. எதுக்குப் பொறகு எது வரோணும்னு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார். நாலு வரி படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது அந்த ஏழரை குதிரைசக்தி மோனோபிளாக் பம்ப்புங்க. இம்பெல்லர். இறகு அஞ்சு, இங்க மூணாவது இறகு வளைஞ்சு வருது பாருங்க. இதுக்குப் பொறகு நாலாவது இறகு வரோணும்." தாள்களைப் புரட்டினார். "நாலாவது இங்க இருக்குதுங்க!"

அந்த எண்களை அவர் படிக்கவே இல்லை, அந்த இம்பெல்லரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களைப் பலகை மேல் வரிசையாகப் பரப்பினோம். பம்ப்பின் ஓடான கேசிங்குக்குப் பின் குழாயை இணைக்கும் ஃபிளாஞ்ச், ஃபிளாஞ்சில் எட்டுத் துளை, அஞ்சாவது துளையோடு இந்தத் தாள் முடிகிறது, ஆறாவது எங்கே? தேடு. மத்தியானம் அவருடைய டிபனில் இருந்த அரிசிம்பருப்புச் சோற்றை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். சாப்பிடும்போதும் அவர் கண் தாளில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு வரிசை கிடைத்துவிட்டது என்று குதித்தேன். நாலு மணி நேரம் ஒட்டினேன். திறந்து பார்த்தால் லினக்ஸ் 'இதில் ஒன்றுமே இல்லை' என்றது. நான் பென்சிலைச் சுவரில் வீசியடித்தேன். "கருமம்! இந்தக் கார்டு செஞ்சவன் கையில கெடைச்சா..." என்று ஆரம்பித்து, சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன்.

அவர் எழுந்துபோய்ப் பென்சிலை எடுத்து, முனையைச் சீவி, என் பக்கத்தில் வைத்தார். "அம்மணி, ஒரு சந்தேகமுங்க. ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு தாள் மட்டும் பொருளே இல்லாம வருதுங்க. எண்ணே இல்லை, வெறும் கிறுக்கல். முதல்ல கடைசித் தாள்ல வந்துச்சு, அடுத்ததுல அதுக்கு முன்னாடித் தாள்ல வருது. நான் கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கி வெச்சுட்டேனுங்க."

எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. அதுதான் சரிபார்ப்புத் துண்டு! அது ஒரு டிஸ்க்கிலேயே இருக்காது, வரிசைக்கு வரிசை இடம் மாறும். எந்தப் பக்கமாக மாறுகிறது, எத்தனை தூரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று தெரிந்தால் துண்டின் நீளமும் தெரிந்துவிடும், சுற்றும் திசையும் தெரிந்துவிடும். படித்த நான் அதை மறந்துபோய் ஒட்டியிருக்கிறேன். படிக்காத மனுசன் கிறுக்கலை ஒதுக்கி வைத்தாலும் அது எங்கே இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை முழுக்கப் புரோகிராமைத் திருத்தி எழுதினோம். நான் எழுத, அவர் தாளில் சரிபார்க்க.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு ஒட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. ஒன்றையும் மாற்றாமல் சோதித்துப் பார் என்று லினக்ஸிடம் சொன்னேன். ஒரு குறையும் சொல்லாமல் முடித்தது. ஃபோல்டரைத் திறந்தேன். வரிசையாக வந்தன, பதினோரு வருசமும்.

அண்ணன் ஏழரை குதிரைப் படத்தைத் திறந்தார். திரையையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் விரலால் ஓரிடத்தைத் தொட்டார்.

"இந்த அளவு தப்புங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். "கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. இது முந்தியே நான் தப்பாப் போட்டது. பட்டறையில ஆளுக வாயாலயே திருத்திக்குவாங்க." நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை இன்னும் வரவில்லையே.

திங்கட்கிழமை சென்னைக்காரருக்குப் பண்ணுவதற்கு வேலை இல்லை. படங்கள் பெரிய டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன, புது டேப்பிலும் ஒரு நகல் எடுத்திருந்தேன். கார்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். அதே ஐந்து டிஸ்க்கை லினக்ஸ் ரெய்டாகக் கட்டி, படங்களைத் திரும்ப அதில் ஏற்றியிருந்தேன். அதற்காக லினக்ஸின் நிரலில் ஒரு புதுத் திருத்தத்தை ஒட்டி, அதையே மறுபடி உருவாக்குவதற்கே ஞாயிறு மத்தியானம் முழுக்கப் போனது.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் வந்துருச்சு, சந்தோசமுங்க. ஆனா நாளைக்கு மறுபடியும் ஒருத்தன் மாத்திச் சொருகுனா? இரும்பே ஏமாத்திருச்சு, உங்க காத்து என்னுங்க பண்ணும்?"

"இது டிஸ்க் உக்காந்திருக்கற எடத்தைப் பாக்காது சார். ஒவ்வொரு டிஸ்க்குலயும் நீ இன்ன கூட்டம், இத்தனையாவது ஆளுன்னு எழுதி வெச்சிருக்குது. பந்தியில எங்க உக்கார வெச்சாலும் யாரு எவருன்னு அதுவே கேட்டுத் தெரிஞ்சுக்கும்."

"வாயில சொல்றீங்க."

"அப்பக் கழட்டி மாத்திச் சொருகச் சொல்லுங்க. நான் தொட மாட்டேன். அண்ணனைத் தொடச் சொல்லுங்க."

அண்ணன் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். நான் கூப்பிட்டதும் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க அம்மணி. மறுபடியும் என்ற கையால வேண்டாமுங்க."

"உங்க கையாலதான் வேணும். வேற யாரு செஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. முதலாளியிடம் திரும்பினேன். "காலு படக் கூடாதுன்னு சொன்னவங்க நீங்கதான் சார். நீங்கதான் கூப்புடோணும்."

முதலாளி கார்டை மேஜையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் வருகிறதா, வேறேதும் வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"உள்ள வாங்க," என்றார்.

அண்ணன் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். மிஷினை அணைத்தார். ஐந்து டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக உருவி மேஜையில் வைத்தார். எது எது என்று பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கையால் ஒருமுறை கலைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினார். பட்டனை அமுக்கினார்.

திரையில் வரி வரியாக ஓடியது. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் உதடு அசைத்துப் படித்தார். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகத் தங்கள் எண்ணைச் சொல்லின; கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். மூன்று, ஒன்று, நாலு, பூஜ்யம், இரண்டு. ஐந்துக்கு ஐந்தும் சேர்ந்தன என்று கடைசி வரி வந்தது. நான் ஏழரை குதிரைப் படத்தைத் திறந்தேன். ஐந்து இறகும் இருந்தன.

அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னிடம், ரகசியம் சொல்லுகிற மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆறு நாளா ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லலீங்க அம்மணி. ஊட்டுக்காரி தெனமும் டிபன் கட்டிக் குடுத்தா, நானும் வாங்கிட்டு வந்துட்டிருந்தேன். நாளைக்கு எங்க போறதுன்னு தெரியாமத்தான் வந்துட்டிருந்தேனுங்க."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார்.